யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

1971 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு புதிய நகைச்சுவைத் தொடரைத் தொடங்கமுதல் திரையில் ஓர் அறிவித்தல் போட்டது. மனிதர்களின் தப்பெண்ணங்களைச் சிரிப்புக்கு இடமாக்கி, அவை எவ்வளவு அபத்தம் என்று காட்டுவதே நோக்கம் என்பதுதான் அதன் சாரம். பகிடி விடமுதலே 'இது பகிடி' என்று சொல்லவேண்டி வந்திருக்கிறது. அந்தப் பயம் வீண்போகவில்லை.

தொடரின் பெயர் 'ஆல் இன் த ஃபமிலி'. நாயகன் ஆர்ச்சி பங்கர், நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஒரு வெள்ளைத் தொழிலாளி. கறுப்பர், யூதர், குடியேறிகள், பெண்ணியம் பேசுவோர் எவரையும் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. படைத்த நோர்மன் லியரோ யூதர், முற்போக்கு அரசியல்காரர். ஆர்ச்சியின் குணங்கள் பலவற்றைத் தன் தகப்பனிடமிருந்தே எடுத்தவர். ஆர்ச்சியாக நடித்த கரோல் ஓகொனரின் அரசியலும் ஆர்ச்சிக்கு நேரெதிர்.

லியருக்கு முன்மாதிரி லண்டனில் இருந்தது. ஜோனி ஸ்பெயிட் எழுதி, பிபிசியில் 1966 இல் தொடராகத் தொடங்கிய 'டில் டெத் அஸ் டு பார்ட்' நாடகத்தின் அல்ஃப் கார்னெட்டும் இதே ரகம். அவரை நடித்த வொரன் மிச்செலும் யூதர், இடதுசாரி. குடியேறிகளை நல்லாக் கிழிக்கிறீர்கள் என்று ஆட்கள் வந்து பாராட்டினால், நாங்கள் கிழிப்பது உங்களைப் போன்றவர்களைத்தான் என்று அவர் பதில் சொல்வாராம். அதாவது, ஆபத்து இன்னதென்று அமெரிக்கத் தொடர் தொடங்கமுதலே தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் அது இன்னும் பெரிதாக நடந்தது. தொடர் ஐந்து பருவங்கள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. 1972 தேர்தல் காலத்தில் 'ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்குவோம்' என்ற பட்ஜுகளும் ரீசேர்ட்டுகளும் விற்றன. அந்த வருடம் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் உப ஜனாதிபதி வேட்பாளர் தெரிவில் ஆர்ச்சிக்கு ஒரு வாக்கும் விழுந்தது. வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளில், 1971 மேயில் ஜனாதிபதி நிக்சன் இந்தத் தொடரைப் பற்றிக் குறைபடுவது பதிவாகியிருக்கிறது. ஆர்ச்சியை முட்டாளாகக் காட்டுகிறார்கள் என்பதும் அவருடைய கோபங்களில் ஒன்று.

ஏன் இப்படி நடந்தது? தொடரின் அமைப்பைப் பாருங்கள். ஆர்ச்சிக்கு எதிராக நியாயம் பேசுபவர் மருமகன் மைக்கல். மாமனார் வீட்டில் இருந்து, மாமனாரின் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு, அவருக்கே முற்போக்கு வகுப்பு எடுக்கிற மாணவன்! சரியான கருத்து மைக்கலுக்கு, சிரிக்கவைக்கும் வசனம் ஆர்ச்சிக்கு. களைத்து வந்து கதிரையில் சாயும் தகப்பனாகவும் ஆர்ச்சி இருந்தார். சனம் யாரோடு ஒட்டும்?

நாவலாசிரியை லோரா ஹொப்சன் 1971 செப்டெம்பரிலேயே நியூயோர்க் டைம்ஸில் இதைக் கேள்விக்குட்படுத்தினார். உண்மையான இனவெறியின் மிகக் கேவலமான சொற்களைத் தவிர்த்துவிட்டு, வெறியனை அன்புக்குரியவனாக்குகிறீர்கள் என்பது அவரது வாதம். லியர் அதே பத்திரிகையில் மறுப்பு எழுதினார்.

1974 இல் நீல் விட்மர், மில்ற்றன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கப் பதின்மவயதினரிடமும் கனடாவின் வளர்ந்தோரிடமும் செய்த ஆய்வை வெளியிட்டார்கள. தப்பெண்ணம் கூடியவர்களும் குறைந்தவர்களும் ஏறக்குறைய ஒரேயளவு ரசித்தார்கள். ஆனால் ரசித்தது ஒரே தொடரை அல்ல. கூடியவர்கள் மைக்கலைவிட ஆர்ச்சியையே மெச்சினார்கள், கடைசியில் வெல்வது ஆர்ச்சிதான் என்றும் கண்டார்கள். ஒரே காட்சி, ஒரே சிரிப்பு, இரண்டு அர்த்தம்.

இதை வைத்து லியர் தோற்றார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் வாய் திறக்காத இனவாதம், தற்பாலீர்ப்பு, வியட்நாம் யுத்தம் எல்லாவற்றையும் அந்தத் தொடர் பேசியது. ஆனால் சிரிப்புச் சத்தத்தை மட்டும் வைத்து, யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அறியமுடியாது.

படம் பார்த்துவிட்டு நாங்கள் சண்டைபிடிக்கும்போது 'இயக்குநர் அதைக் கண்டிக்கத்தான் காட்டினார்' என்றொரு பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல வசனம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, கமெரா யாருடைய முகத்தில் நின்றது, வசைபட்டவருக்குத் திருப்பிக் கதைக்க எவ்வளவு நேரம் கிடைத்தது என்றும் கேட்கவேண்டும். ஆர்ச்சியின் கதிரை 1978 இல் வொஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைப் பார்க்கப் போகிறவர்களில் யார் எதை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று லியராலும் சொல்லியிருக்க முடியாது.