நற்றாயும் செவிலித்தாயும்

தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்து வருவது நம் மரபு. குழந்தையின் கழுத்துக்கு எவ்வாறு கைகொடுத்துத் தூக்குவது, பால் குடிக்க மறுத்தால் என்ன செய்வது, எது பசியின் அழுகை, எது வயிற்று வலியின் அழுகை என்பதையெல்லாம் அவளுடைய தாயும் பாட்டியும் அருகிருந்து சொல்லிக் கொடுக்கின்றனர். பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுகையில் இக்காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தாய்மை தானாக வந்துவிடும் என்று பேச்சுக்குச் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கையளிக்கும் கல்வியும் அதில் உண்டு என்பதை அந்த வீடுகள் நமக்கு உணர்த்துகின்றன.

கொரில்லா, சிம்பன்சி முதலிய மனிதக் குரங்குகளுக்கும் யானைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். இதனை அறியாமலேயே அவ்விலங்குகளை அடைத்து வைத்த மிருகக்காட்சிசாலைகள், இதனைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கல்விக்கான விலையைக் கொடுத்தவை விலங்குகளே. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

காடே கிடங்காக இருந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மிருகக்காட்சிசாலைகள் விலங்குகளின் பிறப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒன்று இறந்தால் காட்டிலிருந்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்பதே அக்கால நினைப்பு. வளர்ந்த கொரில்லாவை உயிருடன் பிடிப்பது அரிது. எனவே குட்டிகளையே பிடித்தனர். குட்டியை எடுக்கவேண்டுமாயின் முதலில் தாயைக் கொல்லவேண்டும். காக்க ஓடிவரும் ஏனையவற்றையும் கொல்லவேண்டும். அவ்வாறு பிடிக்கப்பட்ட குட்டிகளுள் பல, கப்பற்பயணத்திலோ கரை சேர்ந்த சில மாதங்களிலோ மாண்டன. பிழைத்தவை, தம் இனத்தின் முகத்தையே காணாமல் தனிக்கூட்டில் வளர்ந்தன.

இலண்டன் மிருகக்காட்சிசாலைக்கு 1947 நவம்பர் 5ஆம் நாள் வந்து சேர்ந்த 'கை' என்னும் கொரில்லாக் குட்டி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் கை ஃபாக்ஸ் இரவு கொண்டாடப்படும் நாளில் வந்ததால் அதற்கு அப்பெயர் அமைந்தது. வளர்ந்தபின் அது மாநகரின் செல்லப்பிள்ளையாகவே ஆயிற்று. தன் கூட்டுக்குள் பறந்து வந்த சிட்டுக்குருவிகளை மெல்லக் கையிலேந்திப் பார்த்துவிட்டுப் பறக்கவிடும் என்று அதனைக் கண்டவர்கள் சொன்னார்கள். அத்துணை மென்மை படைத்த அவ்விலங்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் துணையின்றி வாழ்ந்தது. பின்னர் ஒரு பெண் கொரில்லாவைக் கொண்டுவந்து சேர்த்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 1978இல் அது சந்ததியின்றி இறந்தது.

பனிக்குடத்தை உடைத்த மாணவர்

சிம்பன்சிகளின் கதை சற்று முன்னரே தொடங்கிவிட்டது. கியூபா நாட்டின் ஹவானா நகரில் ரோசாலியா அப்ரேயு என்னும் செல்வச் சீமாட்டி தம் மாளிகைத் தோட்டத்தில் குரங்குகளை வளர்த்து வந்தார். அங்கே 1915இல் ஒரு சிம்பன்சி குட்டி ஈன்றது. மனிதரின் காவலில் கருவாகிப் பிறந்த முதல் சிம்பன்சியாக அது அறியப்படுகிறது. ஆனால் கொரில்லாவுக்காக உலகம் மேலும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் மிருகக்காட்சிசாலையில் ஆணும் பெண்ணுமாக இரு கொரில்லாக்கள் இருந்தன. அங்கே பகுதிநேரப் பணியாளராக இருந்த வாரன் தாமஸ், கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். 1956 டிசம்பர் 22ஆம் நாள் காலையில் கூட்டின் தரையில் பனிக்குடம் உடையாமலேயே கிடந்த குட்டியைக் கண்டார். தாயை அப்புறப்படுத்திவிட்டு, பனிக்குடத்தைக் கிழித்து, வாயோடு வாய் வைத்து மூச்சூதி அதற்கு உயிர் கொடுத்தார். 'கோலோ' என்று பெயர் பெற்ற அக்குட்டியே மனிதரின் காவலில் பிறந்த முதல் கொரில்லா. அதனை மனிதர்களே புட்டிப்பால் ஊட்டி வளர்த்தனர். மனிதக் குழந்தையின் உடைகளை உடுத்தியும் மகிழ்ந்தனர். குட்டி பிழைத்தது. ஆனால் தாயின் மடி இன்னதென்று அறியாமலேயே வளர்ந்தது.

ஒரு தாய் கற்றுக்கொண்டாள்

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1959 செப்டம்பர் 23ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 'அக்கில்லா' என்னும் கொரில்லா ஒரு பெண்குட்டியை ஈன்றது. ஐரோப்பாவில் பிறந்த முதல் கொரில்லா அது. அக்கில்லா குட்டியை வெறுக்கவில்லை. கையில் அணைத்தே வைத்திருந்தது. ஆனால் அதை மார்பில் சேர்த்துப் பாலூட்டத் தெரியவில்லை. தன் இனத்துத் தாய் ஒருத்தி பாலூட்டுவதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அதற்கு ஏது? பசியால் குட்டி சோர்ந்ததும் காட்சிச்சாலை இயக்குநர் எர்னஸ்ட் லாங் அதனைத் தம் இல்லத்திற்கே எடுத்துச் சென்றார். 'கோமா' என்று பெயரிட்டு அவருடைய குடும்பத்தார் அதனை வளர்த்தனர்.

1961 ஏப்ரலில் அக்கில்லா மீண்டும் ஈன்றது. இம்முறை தானே பாலூட்டியது, தானே வளர்த்தது. 'ஜாம்போ' எனப் பெயரிடப்பட்ட அந்த ஆண்குட்டியே, மனிதரின் காவலில் தன் சொந்தத் தாயால் வளர்க்கப்பட்ட முதல் கொரில்லா. முதற்பேற்றில் தவறியதை இரண்டாம் பேற்றில் அத்தாய் கற்றுக்கொண்டது. தாயிடமிருந்து பிள்ளையை விரைந்து எடுத்துக்கொண்டால் அக்கல்விக்கே இடமில்லாமற் போகும் என்பதையும் மனிதர் உணரத் தலைப்பட்டனர்.

ஜாம்போ பின்னாளில் ஜெர்சித் தீவின் காட்சிச்சாலைக்குச் சென்றது. 1986 ஆகஸ்ட் 31ஆம் நாள் அங்கே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொரில்லாக்கள் இருந்த பள்ளத்திற்குள் விழுந்து மயங்கிக் கிடந்தான். சுற்றி நின்றோர் அலறினர். ஜாம்போவோ சிறுவனின் அருகில் வந்து, அவனுக்கும் ஏனைய கொரில்லாக்களுக்கும் இடையில் நின்று, அவன் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தது. சிறுவன் விழித்து அழத் தொடங்கியதும் தன் கூட்டத்துடன் விலகிச் சென்றது. சிறுவன் பிழைத்தான். தாயின் மடியில் வளர்ந்ததே இம்மென்மைக்குக் காரணம் என்று நிறுவ நம்மால் இயலாது. தனிமையில் வளர்ந்த 'கை'யும் மென்மையானதே. ஆயினும், கொரில்லா என்றாலே கொடூரம் என்று எண்ணியிருந்த உலகம் அன்று தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது.

யானைக்குத் தேவை ஒரு குடும்பம்

யானையின் கதை இன்னும் கடினமானது. ஒரு பிடி ஏறத்தாழ 22 மாதங்கள் சூல் சுமக்கிறது. காட்டில் அது தன் தாய், தமக்கை, சிற்றன்னையர் சூழவே வாழ்கிறது. கன்று ஈனும்போதும் அவை உடன் நிற்கின்றன. காட்சிச்சாலைகளுக்கு வந்தவையோ ஒன்றுக்கொன்று உறவில்லாத, சிறு வயதிலேயே பிரிக்கப்பட்ட பிடிகள். மதங்கொண்ட களிறுகளைக் கட்டுப்படுத்துவது அரிது என்பதால் பல இடங்களில் களிறு வைத்துக்கொள்வதே இல்லை. வியன்னாவின் ஷோன்புருன் காட்சிச்சாலையில் 1906இல் ஒரு கன்று பிறந்தது உண்மையே. ஆயினும் அத்தகைய பிறப்புகள் அரிதாகவே இருந்தன.

1962 ஏப்ரல் 14ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 'பெல்' என்னும் பிடி 'பேக்கி'யை ஈன்றது. மேற்கு அரைக்கோளத்தில் 44 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த முதல் யானைக் கன்று அது. பேறு எந்நாளில் நிகழும் என்று கணிக்க யாருக்கும் தெரியாததால், கால்நடை மருத்துவர் மேபரி பல வாரங்கள் காட்சிச்சாலையிலேயே இரவைக் கழித்துக் காத்திருந்தார். பிறவிடங்களில் முதற்பேற்றுப் பிடிகள் தம் காலடியில் விழுந்த கன்றைக் கண்டு மிரண்டு மிதித்துக் கொன்றதும் உண்டு. அதற்கு அஞ்சி ஈனும் பிடியைச் சங்கிலியால் பிணைத்தனர். முன்பின் கண்டிராத ஒன்றைக் கண்டு அஞ்சிய தாய்க்குச் சங்கிலி என்ன கற்பிக்க இயலும்? பிற்காலத்தில் கட்டவிழ்த்து, அனுபவம் வாய்ந்த மூத்த பிடிகள் சூழ ஈனவிட்டபோதுதான் நிலைமை சீர்ப்பட்டது. மகளைத் தாயிடமிருந்து பிரித்து வேறிடம் அனுப்பலாகாது என்பதையும் காலப்போக்கில் கற்றுக்கொண்டனர்.

பிறப்பும் வாழ்வும்

அறிவியல் மற்றொரு வழியையும் திறந்தது. பிடியின் கருப்பைச் சுழற்சியில் ஒரே ஹார்மோன் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் இருமுறை பெருகுகிறது. இரண்டாம் முறை பெருகும்போதுதான் கருமுட்டை வெளிப்படுகிறது. 1990களில் இது தெளிவானதும், முதற்பெருக்கைக் கண்டு நாளைக் கணக்கிட முடிந்தது. செயற்கைக் கருவூட்டலால் உருவான முதல் யானைக் கன்று 1999இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. ஆனால் அக்கன்று 2002இல் ஒரு வைரஸ் நோயால் மடிந்தது.

அந்நோய் கண்டறியப்பட்ட வரலாறும் துயரமானதே. இலங்கைச் சிறுவர்களின் அன்பளிப்பாக 1970களில் வாஷிங்டன் சென்ற 'சாந்தி' என்னும் அனாதை யானை, 1993 டிசம்பரில் 'குமாரி' என்ற கன்றை ஈன்றது. நலமாக விளையாடிக்கொண்டிருந்த குமாரி 1995 ஏப்ரலில், பதினாறு மாத வயதில், திடீரென இறந்தது. காரணம் தேடிய லாரா ரிச்மன் முதலிய ஆய்வாளர்கள், இளங்கன்றுகளின் உடலுக்குள் குருதியைக் கசியவைத்துச் சில நாட்களிலேயே கொல்லும் ஹெர்ப்பிஸ் வகை வைரஸைக் கண்டறிந்து 1999இல் வெளியிட்டனர். காட்டு யானைகளிடையேயும் அது உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. இன்று கன்றுகளின் குருதியை அடிக்கடி சோதித்து நோயை முன்கூட்டியே அறிய முயல்கின்றனர். 2024இல் ஹூஸ்டன் நகரில் இதற்கான ஒரு புதிய தடுப்பூசி முதன்முறையாக ஒரு யானைக்கு இடப்பட்டது. குமாரியின் மரணம் வீண்போகவில்லை என்று சொல்ல இதுவே இடமளிக்கிறது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று ஐரோப்பியக் காட்சிச்சாலைகளின் யானைகளைக் கணக்கிட்டது. அங்கே பிறந்த ஆசியப் பிடிகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள், மியான்மார் நாட்டில் மரம் இழுக்கும் பிடிகளுக்கோ 41.7 ஆண்டுகள். பாடுபட்டு உழைக்கும் யானையைவிட, உணவும் மருந்தும் குறைவின்றிப் பெறும் யானை குறைந்த காலமே வாழ்கிறது! மியான்மார் யானைகளைப் பணி முடிந்ததும் இரவில் காட்டில் மேயவிடுகின்றனர். நம் முதுமலைத் தெப்பக்காட்டு முகாமிலும் இவ்வழக்கம் இருந்து வந்துள்ளது. அங்கே காட்டுக் களிறுகளோடு கூடிக் கருவுற்ற பிடிகள் முகாமில் கன்று ஈன்று, மூத்த பிடிகளின் துணையோடு வளர்த்திருக்கின்றன. அவையும் மனிதனுக்குக் கட்டுப்பட்டவையே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றுக்கு நடக்க நிலமும் உடன்வாழ உறவும் கிடைத்தன. 2009இல் இந்திய மைய மிருகக்காட்சிசாலை ஆணையம், காட்சிச்சாலைகளிலும் சர்க்கஸ்களிலும் யானைகளை வைத்திருக்கலாகாது என்று ஆணையிட்டதை இப்பின்னணியில் நோக்கினால் அதன் நியாயம் விளங்கும்.

கொரில்லாக்களைப் பொறுத்தவரை இன்று காட்சிச்சாலைகளில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை. காட்டில் தாயைக் கொன்று குட்டியைக் கவரும் வழக்கத்திற்கு இதனால் தேவையில்லாமற் போயிற்று. இது சிறிய நன்மையன்று. அதே வேளையில், பிறக்கச் செய்த உயிருக்கு இடமும் கூட்டமும் வாழ்நாள் முழுவதும் தரவேண்டிய கடன் மனிதன்மேல் விழுகிறது. ஒரு கன்று பிறந்ததும் படம் எடுத்து மகிழ்கிறோம். அக்கன்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் யாருடன் நிற்கும் என்று அன்றே கேட்பவரே உண்மையான காப்பாளர்.

கோலோவின் முடிவைச் சொல்லி நிறுத்துவோம். அது மூன்று குட்டிகளை ஈன்றது. ஒன்றையும் தான் வளர்க்கவில்லை. ஆயினும் கொலம்பஸ் காப்பாளர்கள் காலப்போக்கில் புது முறை ஒன்றைக் கண்டனர். தாயால் வளர்க்க இயலாத குட்டியை மனிதர் தாமே வைத்துக்கொள்ளாமல், கூடிய விரைவில் வேறொரு கொரில்லாவின் மடியில் சேர்த்தனர். அவ்வாறு 'ஜே.ஜே.' என்னும் தன் பேரனைக் கோலோ ஏற்றுக்கொண்டு வளர்த்தது. தாயின் மடியை அறியாத அவ்விலங்கு, தன் மக்களுக்கு நற்றாயாக இருக்கும் வாய்ப்பைப் பெறாமலேயே, பேரனுக்குச் செவிலித்தாயாயிற்று. 2017 ஜனவரியில், அறுபது வயது நிறைந்த சில வாரங்களில், அது உறக்கத்திலேயே உயிர்நீத்தது.

பிரிக்கப்பட்டவரிடமும் தாய்மை அணைந்துவிடுவதில்லை. அது வெளிப்பட ஒரு மடியும், ஒரு பிள்ளையும், சற்றுப் பொறுத்திருக்கும் மனிதரும் வேண்டும். அடுத்த முறை நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும்போது, அங்குள்ள விலங்கின் பெயரைப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அதன் தாய் எங்கே என்று கேட்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்.