எண்ணியது யார்? கைகர் குழாயும் கையடக்கக் கணினியும்

‘கதிரியக்கம்’, ‘கதிர்வீச்சு’ ரெண்டையும் மாணவர்கள் கட்டுரையில் மாற்றி மாற்றி எழுதுவதை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். அணுக்கரு தானாகச் சிதையும் தன்மை கதிரியக்கம். அப்போது வெளிவருவது கதிர்வீச்சு. கண்ணுக்குத் தெரியாத இதைத் தொடக்கத்தில் எப்படி எண்ணினார்கள்? கண்ணால்தான்!

1909-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்தார்கள். திரையில் ஆல்ஃபா துகள் மோதும்போது தோன்றும் சின்ன மினுக்கலை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கண் இருட்டுக்குப் பழகவே நேரம் பிடிக்கும். பழகிய பிறகு சீக்கிரமே களைத்துப்போகும். மின்சாரத்தால் எண்ணும் முயற்சியைக் கைகர் அதற்கு முந்திய ஆண்டே தொடங்கியிருந்தார். ஆனால் நாம் இன்று அறிந்த குழாய் 1928-இல்தான் வந்தது. கீல் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் வால்தர் முல்லருடன் சேர்ந்து அதை உருவாக்கினார். வாயு நிரப்பிய குழாய், நடுவே ஒரு கம்பி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம், அவ்வளவுதான். கதிர் உள்ளே நுழைந்தால் வாயு அயனியாகி ஒரு மின்துடிப்பு எழும். ‘டிக்’ என்று கேட்பது அதுதான்.

துடிப்புகள் வேகமாக வந்தால் யார் எண்ணுவது? கேம்பிரிட்ஜில் வின்-வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இயற்பியலாளர் 1930-களின் தொடக்கத்தில் இரண்டு இரண்டாக எண்ணும் மின்சுற்றை அமைத்தார். கணினி இன்றும் இரண்டின் அடிப்படையில்தானே எண்ணுகிறது? இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ரகசியக் குறியீடுகளை உடைத்த இயந்திரத்துக்கும் எண்ணும் பகுதியை அமைத்தவர் அவரே. ஆக, கதிர்வீச்சுக் கருவியைக் கணினியோடு இணைப்பது புதுச் சம்பந்தம் இல்லை, பழைய உறவு!

அந்த உறவு ஆய்வுக்கூடத்தை விட்டு வீதிக்கு வந்தது 2011-இல். மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். ஃபுகுஷிமா அணு உலைகள் நிலைகுலைந்தன. காற்றில் கதிரியக்கப் பொருள்கள் எங்கே பரவும் என்ற கணிப்பு அரசிடம் இருந்தது. மக்களிடம் உடனே சொல்லப்படவில்லை. நாமியே நகர மக்கள் பலர், பாதுகாப்பான இடம் என்று நம்பி, கதிரியக்கப் பொருள்கள் பரவிய திசையிலேயே போய்த் தங்கினார்கள். இந்த ஒரு செய்திக்காகவே இந்த வரலாற்றை வகுப்பில் பேச வேண்டும் என்பது என் கருத்து.

கைகர் கருவி வாங்கலாம் என்றால் கடைகளில் கிடைக்கவில்லை. அப்போது உருவான தன்னார்வலர் குழுதான் சேஃப்காஸ்ட். கைகர் கருவி, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, இடம் காட்டும் ஜிபிஎஸ் மூன்றையும் ஒரு பெட்டியில் அடைத்துக் காரில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டினார்கள். பெட்டி ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருந்ததால் ‘பென்டோ’வையும் சேர்த்து ‘பிகைகி’ என்று பெயர். ஐந்து வினாடிக்கு ஒருமுறை எண்ணிக்கை, நேரம், இடம் மூன்றும் பதிவாகும். அந்தப் பதிவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இணைப்பு வேலை பெரிதல்ல. குழாயின் துடிப்பை 3.3 அல்லது 5 வோல்ட்டுக்குக் குறைத்துப் பலகையின் ஒரு முனையில் கொடுத்தால், நிரல் எண்ணிக்கொள்ளும். குழாய்க்குப் போகும் உயர் மின்னழுத்தத்தில் மட்டும் மாணவர் கைவைக்கக் கூடாது. தயார்நிலைச் சுற்றுப்பலகையை வாங்குவதே நல்லது.

எண்ணிக்கை வேறு, அளவு வேறு என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் 18, அடுத்த நிமிடத்தில் 29 வந்தால் பதற வேண்டியதில்லை. சிதைவு தற்செயலாக நடப்பது. பத்து நிமிடமாவது எண்ணிச் சராசரி எடுக்கணும். அதை மைக்ரோசீவர்ட்டாக மாற்றும் கணக்கும் குழாய்க்குக் குழாய் மாறும். இடமும் முக்கியம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் உண்டு. உட்லண்ட்ஸில் ‘டிக்... டிக்...’ என்று மெல்ல எண்ணும் அதே குழாய், அங்கே எந்த விபத்தும் இல்லாமலே சடசடவென எண்ணும்.