நாய்க் கண்காட்சிகளின் வரலாறு

நாய்க் கண்காட்சி என்பது ஓர் இனத்துக்கு வகுக்கப்பட்ட உடலமைப்பு, நடை, இயல்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டு நாய்களை நடுவர்கள் தரப்படுத்தும் போட்டி ஆகும். இன்றைய வடிவில் இது 1859ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கியது. தொடர்வண்டி, அச்சிதழ், ஒளிப்படம் ஆகிய மூன்றும் பரவிய காலத்தில் இது வளர்ந்தது. நாயுடன் பயணம் செய்வோர், போட்டியில் நிறுத்துவோர், படம் எடுப்போர் ஆகியோருக்கு இன்று கூறப்படும் நடைமுறைக் குறிப்புகளில் பலவும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை. ஏதேனும் ஒரு மோசடியோ, நோயோ, நாய்கள் பட்ட துன்பமோ பல விதிகளுக்குக் காரணமாக இருந்தது.

தோற்றம்

1859 சூன் மாதம் 28, 29 தேதிகளில் நியூகாசில் நகரில், ஒரு கோழிக் கண்காட்சியுடன் சேர்த்து நாய்க் கண்காட்சி நடைபெற்றது. பாயிண்டர், செட்டர் என்னும் இரு வேட்டை இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 60 நாய்கள் கலந்துகொண்டன. உள்ளூர்த் துப்பாக்கி தயாரிப்பாளரான பேப் என்பவர் செய்த துப்பாக்கிகள் பரிசாக வழங்கப்பட்டன. பாயிண்டர் பிரிவில் செட்டர் நடுவரின் நாயும், செட்டர் பிரிவில் பாயிண்டர் நடுவரின் நாயும் வென்றன. நடுவருக்கும் போட்டியாளருக்கும் இடையே விலகல் வேண்டும் என்ற கேள்வி முதல் கண்காட்சியிலேயே எழுந்துவிட்டது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் பர்மிங்காமில் ஒரு கண்காட்சி நடந்தது. 1863இல் இலண்டனில் நடந்த கண்காட்சிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் வந்தன. வேட்டைக்குப் பயன்படும் நாயைத் தேர்ந்தெடுக்க உதவும் ஏற்பாடாகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் வீட்டு நாய்களையும் உள்ளடக்கிய நகரப் பொழுதுபோக்காக மாறியது. நாய் வயலில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கூடத்துக்குள் பார்க்க இயலாது. ஆகவே அதன் தோற்றமே மதிப்பெண்ணுக்கு அடிப்படை ஆனது.

பதிவேடும் விதிகளும்

தொடக்கக் காலக் கண்காட்சிகளில் முறைகேடுகள் மிகுந்திருந்தன. ஒரே பெயரில் பல நாய்கள் இருந்ததால், வென்ற நாய் எது, அதன் பெற்றோர் யார் என்பதை உறுதிசெய்வது கடினமாக இருந்தது. முடிக்குச் சாயம் பூசுதலும் நடந்தது. இவற்றை ஒழுங்குபடுத்த, செவாலிஸ் சர்லி என்பவரின் முயற்சியால் 1873 ஏப்ரலில் இலண்டனில் கென்னல் கிளப் தோற்றுவிக்கப்பட்டது. 1859 முதல் நடந்த கண்காட்சிகளில் பங்குபெற்ற 4,027 நாய்களைப் பட்டியலிட்ட அதன் முதல் வம்சப் பதிவேடு 1874இல் வெளிவந்தது. 1880இல் பெயர்ப் பதிவு முறை வந்தது.

அமெரிக்காவில் வெஸ்ட்மின்ஸ்டர் கென்னல் கிளப்பின் முதல் கண்காட்சி 1877 மே மாதம் நியூயார்க்கில் நடந்தது. இங்கிலாந்தில் நாய் பிஸ்கட் விற்கும் ஸ்பிராட் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கிரப்ட் 1891இல் இலண்டனின் இசுலிங்டன் பகுதியில் தம் பெயரிலேயே கண்காட்சி தொடங்கினார். விக்டோரியா அரசியின் பொமரேனியன் நாய்கள் அதில் இடம்பெற்றன.

காது வெட்டும் வழக்கத்துக்கு எதிரான விதியும் இக்காலத்தில் உருவானது. சில இனங்களில் காது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் குட்டிகளின் காதுகளை வெட்டினர். வேல்ஸ் இளவரசர் எட்வர்டு இதை எதிர்த்தார். 1890களின் இறுதிக்குள் காது வெட்டப்பட்ட நாய்களைக் கென்னல் கிளப் தன் கண்காட்சிகளில் தடை செய்தது.

பயணமும் நோயும்

தொலைவிலிருந்து நாய்களைக் கொண்டுவரத் தொடர்வண்டியே வழி. நாய்க்குத் தனிச் சீட்டு வாங்கி, கழுத்துப் பட்டையும் சங்கிலியும் போட்டு, பெரும்பாலும் கார்டு பெட்டியில் ஏற்றினர். கண்காட்சிகள் பல நாள்கள் நடந்தன. அந்நாள்கள் முழுவதும் வைக்கோல் பரப்பிய பலகை மேடைகளில் நாய்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ஸ்பிராட் நிறுவனம் பல கண்காட்சிகளில் மேடை அமைப்பதையும் உணவிடுவதையும் ஏற்று நடத்தியது.

நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் எளிதில் பரவியது. பரிசு பெற்று வீடு திரும்பிய நாய், அங்கிருந்த குட்டிகள் அனைத்துக்கும் நோயைக் கொடுத்துவிடுவதும் உண்டு. 1905இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி காரே இந்நோய்க்குத் தீநுண்மம் காரணம் என்றார். 1923இல் தி பீல்டு இதழ் இந்நோய் ஆய்வுக்கு நிதி திரட்டத் தொடங்கியது. லெய்ட்லா, டங்கின் ஆகிய இருவரும் காரேயின் முடிவை 1926இல் உறுதிசெய்தனர். அப்பத்தாண்டின் இறுதியில் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. தடுப்பூசி போட்டுச் சில வாரங்கள் கழிந்த பின்னரே நாயைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும், பிற நாய்களின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்னும் இன்றைய அறிவுரைகளின் பின்னணி இதுவே.

வெறிநாய்க்கடி நோய் பயணத்தை இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1897இல் பிரித்தானிய அரசு நாய்களுக்கு வாய்க்கூடு மாட்டும் ஆணையைப் பரவலாக நடைமுறைப்படுத்தியது. நாய் வளர்ப்போர் பலர் எதிர்த்தபோதும் 1902இல் நோய் ஒழிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் தனிமைப்படுத்தும் விதி 1901இல் வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வெளிநாட்டு நாய்கள் பிரித்தானியக் கண்காட்சிகளுக்கு எளிதில் வர இயலவில்லை. 2000 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய செல்லப்பிராணிப் பயணத் திட்டத்தின்படி, தோலடியில் அடையாளச் சில்லு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குருதிப் பரிசோதனை ஆகியவை இருந்தால் குறிப்பிட்ட நாடுகளின் நாய்கள் தனிமைப்படுத்தல் இன்றி நுழையலாம் என்றானது. தடுப்பூசிச் சான்றும் அடையாளச் சில்லும் இன்றும் நாய்ப் பயணத்தின் முதன்மை ஆவணங்களாக உள்ளன.

ஒளிப்படம்

தொடக்கத்தில் வென்ற நாய்களின் உருவம் ஓவியமாகவும் செதுக்குப் படமாகவுமே இதழ்களில் வந்தது. ஈரத் தகடு முறையில் படம் பதிய சில நொடிகள் ஆகும். அதுவரை நாய் அசையாமல் நிற்காது. 1871இல் ரிச்சர்டு மாடக்சு அறிமுகப்படுத்திய உலர் தகடு முறை பின்னர் மேம்படுத்தப்பட்டதும், நொடியின் ஒரு பகுதியில் படம் எடுக்க முடிந்தது. எட்வியர்டு மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட விலங்கு இயக்கப் படத் தொகுப்பில் ஓடும் நாய்களும் உள்ளன. இலண்டன் ஒளிப்படக் கலைஞர் தாமசு பால் நாய்ப் படங்களுக்குப் பெயர்பெற்றார். அரச குடும்பத்து நாய்களையும் அவர் படமெடுத்தார்.

கண்காட்சிக்குரிய படத்துக்கு ஒரு மரபு உருவானது. நாய் சமதளத்தில் பக்கவாட்டில் நிற்கும். நான்கு கால்களும் முதுகுக்கோடும் மறைவின்றித் தெரியும். கருவி நாயின் உடல் உயரத்துக்குத் தாழ்த்தி வைக்கப்படும். மனிதர் நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் தோன்றுவதே இதற்குக் காரணம். நேரில் காணாத நாயை ஒப்பிட இப்படங்கள் வளர்ப்போருக்கு உதவின. அதே வேளையில், படத்தில் எடுப்பாகத் தெரியும் கூறுகளை மேலும் மிகைப்படுத்தும் ஆர்வத்தையும் அவை வளர்த்தன. நாயின் மூச்சுத் திணறலும் காது கேளாமையும் படத்தில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில்

இந்தியக் கென்னல் கிளப் 1896இல் தொடங்கப்பட்டது. பின்னர் சென்னை அதன் தலைமையிடமானது. நெடுங்காலம் மேலைநாட்டு இனங்களே இந்தியக் கண்காட்சிகளில் முன்னிலை பெற்றன. பின்னாளில் இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனங்களும் மேடை ஏறின. சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு அரசு நாட்டு நாய்களுக்கென இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்தியது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று.

இராசபாளையம் நாயில் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உயர்வாக மதிக்கப்பட்டன. பிற நிறக் குட்டிகள் ஒதுக்கப்பட்டன. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் செவித்திறன் குன்றும். இவ்வினத்தில் காது கேளாமை காணப்படுவதை நிறத் தேர்வோடு தொடர்புபடுத்துகின்றனர். குட்டியை வாங்கும்போது, அது பாராத வேளையில் பின்னாலிருந்து ஓசை எழுப்பிப் பார்க்குமாறு அனுபவமுள்ளோர் கூறுவது இதனால்தான்.

இந்தியத் தொடர்வண்டிகளில் நாயை முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவுசெய்து அழைத்துச் செல்லலாம்; அல்லது கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். பிரித்தானியர் காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சி இது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவே பகல் வெயிலில் கூண்டுப் பயணத்தைத் தவிர்ப்பதும், புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுப்பதும், பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே கூண்டைப் பழக்குவதும் நல்லது. மூக்கு குட்டையான பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு வெப்பம் உயிருக்கே கேடாகலாம். பல விமான நிறுவனங்கள் இவற்றை ஏற்பதில் கட்டுப்பாடு வைத்துள்ளன.

விமர்சனங்களும் மாற்றங்களும்

2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று, தோற்றத்துக்காகச் செய்யப்படும் இனப்பெருக்கம் நாய்களின் உடல்நலத்தைக் கெடுப்பதைக் காட்டியது. பிபிசி 2009 முதல் கிரப்ட்சு கண்காட்சியை ஒளிபரப்புவதை நிறுத்தியது. கென்னல் கிளப் இன வரையறைகளைத் திருத்தியது. புல்டாக்கின் மிகையான முகச்சுருக்கத்தையும் மூச்சுச் சிக்கலையும் குறைக்கும்படி அதன் வரையறை மாற்றப்பட்டது. 2012 கிரப்ட்சு கண்காட்சியில், குறிப்பிட்ட 15 இனங்களில் முதலிடம் பெற்ற நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்தனர். அவற்றுள் 6 நாய்கள் தகுதி இழந்தன.

நடுவரின் தீர்ப்புக்கு மேல் மருத்துவரின் தீர்ப்பு வைக்கப்பட்டது பெரும் சர்ச்சையை எழுப்பியது. எனினும் நாய் நலமாக மூச்சுவிடுகிறதா, வலியின்றி நடக்கிறதா, கண் தெளிவாக உள்ளதா என்பவை மேடையில் கேட்கப்படும் கேள்விகளாயின. வேலைக்குத் தகுந்த நாயைத் தேடி 1859இல் தொடங்கிய போட்டி, 153 ஆண்டுகளுக்குப் பின் நாயின் உடல்நலத்தையும் வெற்றிக்குரிய தகுதிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.