உணவுச் சட்டத்தின் எல்லை எது? ஒரு மாணவர் சங்கத்தின் நோக்கப் பிரிவை முன்வைத்து

திருச்சி கைலாசபுரத்துப் பெல் (BHEL) தொழிலாளி ஆலைக் கேண்டீனில் சாப்பிட்ட மதியச் சோற்றுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் நடத்தக் கட்டளையிட, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. நாம் அதைத் தொழிலாளர் சட்டம் என்று ஒதுக்கிவைத்தோம். உணவுச் சட்டம் என்றதும் நினைவுக்கு வருவது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் ஒன்றுதான்.

உணவுக்கு அந்தச் சட்டம் தரும் வரையறை குறுகலானது. அறுவடைக்கு முந்தைய பயிர் அதன்படி உணவு ஆகாது. அறுத்த விளைபொருளும் உழவர் கையில் இருக்கும்வரை அதன் வரம்புக்குள் வராது. தரக் கட்டுப்பாட்டுக்கு இந்தக் கோடு பொருந்தும், உழவரைத் தேவையற்ற உரிமக் கெடுபிடியிலிருந்து காக்கவும் செய்யும். ஆனால் திருச்சியில் தொடங்கும் அனைத்துலக உணவுச் சட்ட மாணவர் சங்கம் ஒன்று இதே கோட்டைத் தன் நோக்கப் பிரிவின் எல்லையாகக் கொண்டால், திருவரங்கத் தீவின் வாழைத் தோட்டமும் அதற்குப் பாயும் காவிரி நீரும் சங்கத்துக்கு வெளியே நின்றுவிடும். இதை நான் ஏற்கவில்லை.

சங்கத்தின் பெயரிலுள்ள அனைத்துலகம் என்ற சொல்லுக்கும் பொருள் வேண்டும். 1963இல் தொடங்கிய கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவுத் தர ஆணையத்தின் தரங்கள், 1995இல் உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் வழியே நாடுகளின் சட்டங்களுக்கு அளவுகோலாயின. மாணவர் இவற்றைக் கற்றே ஆக வேண்டும். ஆனால் சட்டம் எப்போதும் அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவிலிருந்து திருச்சிக்கு வருவதாக எண்ணுவது பிழை. 1982 ஜூலை 1இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் திருச்சி அருகிலுள்ள பாப்பாக்குறிச்சி. தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது 2001 நவம்பர் 28இல். 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குழந்தையின் உரிமையாக எழுதியது. சோறு முதலில் வந்தது, உரிமை பின்னால் வந்தது. ஒப்பீட்டுச் சட்டம் பயில வரும் வெளிநாட்டு மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் என்னிடம் இல்லை.

சங்கம் செய்யக் கூடாததையும் சொல்லிவிட வேண்டும். மாணவர் வழக்கறிஞர் அல்லர். யாருக்காகவும் வாதாட முடியாது. உணவு நிறுவனங்களின் நிதியை ஏற்கவும் கூடாது. செய்யக்கூடியதோ ஏராளம். வாங்குபவர் எவரும் கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், உணவு சட்டத்துக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய் வாங்குவோருக்கு இதை எளிய தமிழில் எழுதித் தருவதே நல்ல முதல் வேலை.

திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் நகரில் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் அமைக்க ஏழு பேர் போதும். அந்த ஏழு பேரும் நோக்கப் பிரிவை வயலிலிருந்து எழுதத் தொடங்கட்டும்.