துருத்தி மூச்சு

ரயில் 1867இல் கண்டிக்கு வந்தது. கோப்பிக் காசு கொழித்த அந்தக் காலத்தில்தான் துரைமார் தங்கள் ஊர்க் கோயில் ஓசையையும் இந்த மலையில் கேட்க ஆசைப்பட்டார்கள். தலதா மாளிகைக்கு அருகில், 1853இல் பிரதிஷ்டையான புனித பவுல் ஆலயத்தில் குழல் ஓர்கன் உண்டு. ஆனால் வத்தேகம, பன்விலை தாண்டி மடுல்கெல்லப் பக்கம் ஏறிவிட்டால் சிறிய சபைகளின் கதை வேறு.

குழல் ஓர்கன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதைப் பேணுவது பெரிய பாடு. ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த குழாய்கள், மரக்குழாய்கள், தோல் போர்த்திய துருத்தி. வாசிப்பவர் முன்னால் உட்கார, பக்கத்தில் ஒரு பையன் கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பான். அவன் கொஞ்சம் அசந்தால் பாட்டு நடுவிலேயே ஓர்கன் இளைத்துப்போகும். நக்கிள்ஸ் மலையின் பனியும் மழையும் மரத்தை ஊற வைக்கும். விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் ஓயாமல் கத்தும். தோலைப் பூச்சி அரித்தால் அதோடு சரி.

பாரிஸில் அலெக்ஸாண்டர் டெபேன் 1842இல் உரிமம் பெற்ற ஆர்மோனியத்துக்குக் குழாயே கிடையாது. பித்தளை நாக்குகள், கால்களுக்கு இரண்டு மிதிகட்டை. துருத்திப் பையன் தேவையில்லை. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைநோய் கோப்பியை வேரோடு சாய்த்த பிறகு, சிறிய சபைகளுக்கு இதுதான் கட்டுபடியானது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875இல் செய்த கை ஆர்மோனியப் பெட்டியோ தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசல் வரை போகக்கூடியது.

ஓர்கனிலிருந்து ஆர்மோனியத்துக்கு வந்த இந்த மாற்றத்தை இறக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத் தமிழருக்காக 1854இல் தொடங்கிய மிஷனில் திருநெல்வேலி உபதேசியார்கள் ஊழியம் செய்தார்கள். ஞானப்பாட்டுக்கு ஓர்கன் கம்பீரம்தான். வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைக்கோ பாடுகிறவரின் சுருதிக்கு இறங்கிவரும் வாத்தியம் வேண்டும். கமகம் ஆர்மோனியத்துக்கும் எட்டாது. ஆனாலும் அந்தக் கைப்பெட்டி பாயில், மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

1935இல் ஹேமண்டின் மின் ஓர்கன் கடைக்கு வந்தது. இன்று கீபோர்டு. பழைய மிதி ஆர்மோனியம் எங்காவது கண்ணில் பட்டால் குனிந்து மிதிகட்டையைப் பாருங்கள்: கம்பளம் தேய்ந்து, நூல் பிரிந்து, பாதம் பட்ட இடத்தில் மரம் பளபளக்கும்.