சுரங்க மீளமைப்பு நிலங்களில் தாவரக் கண்காணிப்பும் களைக் கட்டுப்பாடும்

சுரங்க மீளமைப்பு நிலத் தாவரக் கண்காணிப்பு என்பது, சுரங்கப் பணி முடிந்து மண் நிரப்பி விதைக்கப்பட்ட நிலத்தில் எவ்வகைத் தாவரங்கள், எந்த அளவில் வளர்கின்றன என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளந்து பதிவு செய்வதாகும். களைக் கட்டுப்பாடு இதனுடன் இணைந்த பணி ஆகும். நிலம் பசுமையாகத் தோன்றுவது மட்டுமே மீளமைப்பு வெற்றி பெற்றதற்குச் சான்றாகாது. அப்பசுமை களைகளாலும் ஏற்படலாம். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்க நிலங்களைப் பற்றியது.

சட்டப் பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் மீளமைப்புச் சட்டம் 1977 ஆகத்து 3 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரால் கையொப்பமிடப்பட்டது. இதன்படி நிறுவனங்கள் சுரங்கம் தொடங்கும் முன்னரே பிணை அளிக்க வேண்டும். கூடுதல் விதைப்பு, உரமிடல், நீர்ப்பாசனம் ஆகியவை நடைபெற்ற கடைசி ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுகள் வரை தாவரங்களுக்கு நிறுவனமே பொறுப்பாகும். ஆண்டுச் சராசரி மழை 26 அங்குலமோ (சுமார் 660 மி.மீ.) அதற்குக் குறைவாகவோ உள்ள பகுதிகளில் இக்காலம் 10 ஆண்டுகள் ஆகும். களைகளால் விதைப்பு தோல்வியுற்று மீண்டும் விதைக்க நேர்ந்தால் இக்காலம் புதிதாகத் தொடங்கும்.

அளக்கும் முறைகள்

- சதுரச் சட்டம்: அளவு தெரிந்த சட்டத்தை நிலத்தில் வைத்து, அதனுள் உள்ள தாவர இனங்களும் அவை மூடியுள்ள பரப்பும் கணிக்கப்படும்.
- கோட்டு முறை: நீட்டிய அளவு நாடாவின் மீது சம இடைவெளிப் புள்ளிகளில் தாவரம், சருகு, வெறுமண் ஆகியவற்றில் எது உள்ளது எனக் குறிக்கப்படும்.
- அறுவடை முறை: தாவரங்களை வெட்டி உலர்த்தி எடை காணப்படும்.

தாவரப் போர்வை, ஏற்கப்பட்ட அளவுகோலின் 90 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால் அவ்வளவுகோலை எட்டியதாகக் கொள்ளப்படும். சுரங்கம் தோண்டப்படாத அருகிலுள்ள நிலத்தையும் ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்வதுண்டு.

விதைக்கப்பட்ட களைகள்

களைகள் காற்று, பறவை, ஊர்திச் சக்கரம், குவித்து வைத்த மேல்மண் ஆகியவற்றின் வழியே வருகின்றன. ஆயினும் அப்பலாச்சிய மலைப்பகுதியில் சில களைகள் மீளமைப்புக்கெனவே நடப்பட்டவை ஆகும். ஆசியாவைச் சேர்ந்த செரிசியா லெசுப்பெடிசா, எலியாக்னசு அம்பெல்லாட்டா ஆகியவை வளமற்ற மண்ணிலும் வளர்ந்து நைட்ரசனை நிலைப்படுத்துவதால் விரும்பி நடப்பட்டன. பின்னர் எலியாக்னசின் பழங்களை உண்ட பறவைகள் அதன் விதைகளைப் பரப்பின. லெசுப்பெடிசா அடர்ந்து வளர்ந்து இளமரக் கன்றுகளை நிழலிட்டு அழிக்கிறது. போர்வை அளவை மட்டும் கணக்கிட்டால் இத்தகைய நிலமும் வெற்றியாகத் தோன்றும். எனவே இனவாரியாக அளப்பது இன்றியமையாததாகும்.

கட்டுப்பாடு

களைகளைப் பூத்து விதைக்கும் முன் அகற்றுவதே சிறந்தது. கையால் பிடுங்குதல், வெட்டுதல், களைக்கொல்லி தெளித்தல், களை விதையற்ற விதைகளைப் பயன்படுத்துதல் ஆகியன பொதுவான முறைகள். எலியாக்னசு புதரை வெட்டினால் மட்டும் போதாது; அது அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆதலால் வெட்டிய முனையில் களைக்கொல்லி பூசப்படுகிறது. காடு வளர்க்க வேண்டிய நிலங்களில், 2004 இல் தொடங்கிய அப்பலாச்சிய மண்டல மீள்காடாக்க முயற்சி, மண்ணை இறுக்காமல் விடவும், மரக்கன்றுகளுடன் போட்டியிடாத, மெதுவாக வளரும் புல்வகைகளை விதைக்கவும் பரிந்துரைக்கிறது.

பிணை விடுவிக்கப்பட்டதும் நிறுவனத்தின் பொறுப்பு முடிவடைகிறது. அதற்குப் பின் எஞ்சும் களைகள் நில உரிமையாளரின் சுமையாகின்றன.