மதிப்பலகு மாற்றம் (டொரொண்டோ)

ஒரு கல்லூரியில் தேறிய பாடங்களுக்குரிய மதிப்பலகுகளை, அதாவது கிரெடிட்டுகளை, மாணவர் பின்னர் சேரும் வேறொரு கல்வி ஸ்தாபனம் அங்கீகரித்துத் தன் பட்டக் கணக்கில் வரவு வைத்தல் மதிப்பலகு மாற்றம் எனப்படும். கனடாவில் கல்வி மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், டொரொண்டோ நகரில் இம்முறை ஒன்டாரியோ மாகாணக் கொள்கையைத் தழுவி நடைபெறுகிறது.

1965இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அம்மாகாணத்தில் தோன்றிய கல்லூரிகள், சர்வகலாசாலைகளுக்கு முதற்படியாக அன்றித் தொழிற்பயிற்சியையே பிரதான நோக்கமாகக் கொண்டு வகுக்கப்பட்டமையால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி நெடுங்காலம் குறுகியதாகவே இருந்தது. அதனை விசாலமாக்கும் பொருட்டு 2011இல் மாகாண அளவில் ஒரு பேரவை நிறுவப்பட்டது. செனெகா கல்லூரி யோர்க் சர்வகலாசாலையுடனும், சென்டெனியல் கல்லூரி டொரொண்டோ சர்வகலாசாலையின் ஸ்கார்பரோ வளாகத்துடனும் கொண்ட உடன்பாடுகள் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

மாற்றத்தை அனுமதிக்கும் அதிகாரம் ஏற்கும் ஸ்தாபனத்துக்கே உரியது. அது பாடப்பொருள், தேர்ச்சித் தரம் ஆகியவற்றை ஒப்புநோக்கி, தன் பாடமொன்றுக்கு நேரான பாடமாகவோ, குறித்த பாடத்தைச் சாராத பொது மதிப்பலகாகவோ வரவு வைக்கும். எனினும் பட்டத்துக்குரிய பாடங்களில் ஒரு பகுதியைத் தன்னிடமே பயிலவேண்டுமென நியமம் வகுத்திருக்கும்.

இலங்கையிலோ இந்தியாவிலோ பயின்று, படிப்பு முற்றுப்பெறுமுன் டொரொண்டோவில் குடியேறும் தமிழ் மாணவர்கள், இவ்வொப்புநோக்கலுக்கு உதவும்பொருட்டு, மதிப்பெண் சான்றிதழோடு ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் கைவசம் வைத்திருத்தல் அவசியம்.